ரீஜெக்ஸ்101 ரிவ்யூ: 43 சுவிட்ச், ஒரு லிஸ்ட், மூணு நாள் கூத்து

ஓட்டலுக்கும் செல்போனுக்கும் தான் எல்லாரும் ரிவ்யூ எழுதறாங்க, நான் ரீஜெக்ஸ்101ங்கற வெப்சைட்டுக்கு எழுதறேனுங்க. காசு கேக்காத சைட்டு, ஃபிராஸ் டிப்னு ஒருத்தர் உண்டாக்குனது, நாம எழுதற ரீஜெக்ஸ், அதாவது டெக்ஸ்ட்ல இப்படிப்பட்டத தேடுன்னு சொல்ற பேட்டர்ன், எதப் புடிக்குது எத உடுதுன்னு கண்ணு முன்னாடி கலர் போட்டு காட்டும். ரெண்டு மூணு வருசமா அப்பப்ப தொறந்து பாத்து ஒன்னும் வெளங்காம மூடிட்டு போறது தான் என்ற வழக்கம். போன மாசம் தான் மூணு நாள் முச்சூடும் அதுக்குள்ளயே கெடந்தேன், அதனால இப்ப சொல்றதுக்கு கொஞ்சம் சரக்கு இருக்குது.

நம்ம வேலை திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில, பேரு வேண்டாமுங்க. கார்டுல சிஸ்டம் அட்மின்னு போட்டிருக்கும், பிரிண்டர்ல பேப்பர் சிக்குனாலும் நாந்தான், கேமரா தெரியலீன்னாலும் நாந்தான். கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்ன், பேக்கிங்னு செக்சனுக்கு ஒன்னு ரெண்டுன்னு மாட்டி, அவினாசி ரோட்டு யூனிட்டு பெருந்துறை யூனிட்டு எல்லாம் சேத்தா 43 சுவிட்சு (கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாத்தையும் நெட்வொர்க்ல கோக்கற பொட்டி), அத்தனையும் சிஸ்கோ கம்பெனி. பாதி சுவிட்சு பஞ்சுத்தூசி படிஞ்சு போத்தி வெச்ச மாதிரி இருக்கும், அது வேற கதை. பையர் தரப்புல இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க, ஒவ்வொரு சுவிட்ச்லயும் எந்த போர்ட்டு (ஒயர் சொருகற எடம்), டிஸ்கிரிப்ஷன் என்ன, எந்த வீலான் (ஒரே சுவிட்ச்குள்ள நம்பர் போட்டு தனித்தனியா பிரிச்ச நெட்வொர்க்), போர்ட்டு ஓடுதா மூடி வெச்சிருக்குதான்னு நாலு காலம் போட்டு லிஸ்ட்டு வேணுமுன்னு மெயில் வந்துருச்சு. ஒன்னு 24 போர்ட்டு ஒன்னு 48 போர்ட்டுன்னு கூட்டுனா ஆயிரத்தைநூறு பக்கமா போகுது.

இதே லிஸ்ட்ட ரெண்டு வருசம் முன்னாடி கைல பண்ணுனேனுங்க. நோட்பேட்ல கான்ஃபிக்க, அதாவது சுவிட்சோட செட்டிங் எல்லாம் எழுதியிருக்கற ஃபைல, தொறந்து வெச்சுட்டு எக்செல்ல ஒன்னொன்னா காப்பி பேஸ்ட்டு, நாலு நாள் ஆச்சு, கடைசில பாத்தா ஒரு சுவிட்ச ரெண்டு தடவ போட்டு ஒரு சுவிட்ச உட்டுட்டேன். இந்த தடவ கூட ஒரு பையன் இருக்கான், காலேஜ் முடிச்சு புதுசா சேந்தவன். விசயத்த சொன்னதும் "ஏனுங்ணா, போன தடவ கைலயா பண்ணுனீங்?"ன்னு கேட்டான். ஆமாப்பான்னேன். கொஞ்ச நேரம் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு "பைத்தான்ல பண்ணிப் பாக்கலாமுங்ணா"ன்னான். அவனுக்கு பைத்தான்ங்கற புரோகிராம் பாஷை தெரியும் சுவிட்ச் தெரியாது, எனக்கு சுவிட்ச் தெரியும் பைத்தான் அரைகொறை, நடுவுல இந்த சைட்டு.

சைட்டுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு கூத்து. கான்ஃபிக் எடுக்கறதுக்கு புட்டிங்கற சாஃப்ட்வேர் வழியா சுவிட்ச்ல லாகின் பண்ணி, இப்ப ஓடற செட்டிங்க காட்டற ஷோ ரன்னிங் கான்ஃபிக் கமாண்ட ஓடவிட்டு லாக் ஃபைல்ல சேவ் பண்ணுனோம், தொறந்து பாத்தா ஒரு ஸ்கிரீனுக்கு ஒரு தடவ நடுவுல மோர் மோர்னு வருது. ஸ்பேஸ் பார் தட்டச் சொல்லி சுவிட்ச் காட்டுமே அந்த மோர் தான், அதுக்கு பின்னாடி கண்ணுக்கு தெரியாத பேக்ஸ்பேஸ் எழுத்துக வேற வரிசையா. வெயில் காலத்துல மோர் நல்லது தான், கான்ஃபிக்ல வேண்டாமுங்க. லாகின் ஆனதும் மொதல்ல டெர்மினல் லென்த் 0ன்னு அடிச்சுட்டு அப்பறம் எடுத்தா ஒரே மூச்சுல நிக்காம வரும். இத தெரியாம எத்தன பேரு ரீஜெக்ஸ் வேலை செய்யலீன்னு அதத் திட்டியிருப்பாங்களோ.

சரி, சைட்டு. மேல ஒரே ஒரு கட்டம், அதுல பேட்டர்ன் எழுதோணும். கீழ பெரிய கட்டத்துல நம்ம கான்ஃபிக்க ஒட்டோணும். எழுதற ஒவ்வொரு எழுத்துக்கும் கீழ கலர் மாறும், வலது பக்கம் நாம எழுதுனது ஒவ்வொன்னுக்கும் என்ன அர்த்தம்னு பிரிச்சு பிரிச்சு எழுதிக் காட்டும். இந்த வலது பக்கம் தானுங்க சைட்டோட உசுரு. புஸ்தகம் படிச்சு ரீஜெக்ஸ் கத்துக்கோணும்னு ரெண்டு தடவ ஆரம்பிச்சு உட்டவன் நான், இங்க ஒரு மணி நேரத்துல வெளங்குனது அங்க வெளங்கல.

உதாரணத்துக்கு புள்ளி. ஐபி அட்ரஸ் 10.1.1.2 எங்கெல்லாம் வருதுன்னு அப்படியே அடிச்சுத் தேடுனேன், 10.1.1.20ல இருந்து 29 வரைக்கும் கலரு, 10.1.1.200ம் கலரு, 110.1.1.2ம் கலரு, 10.101.2.5ம் கலரு. ரீஜெக்ஸ்ல புள்ளின்னா புள்ளி இல்ல, ஏதோ ஒரு எழுத்துன்னு அர்த்தம், அது எனக்கு ஏட்டளவுல தெரியும், ஆனா கலரா பாத்தப்ப தான் மண்டைல ஏறுச்சு. புள்ளிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போட்டா தான் நெசமான புள்ளி, முன்னாடியும் பின்னாடியும் பேக்ஸ்லாஷ் பி (\b, வார்த்தையோட எல்லைன்னு அர்த்தம்) போட்டு வேலி கட்டுனா தான் 2ங்கறது 20க்குள்ள போய் உக்காராது. வீலான் 1ன்னு தேடுனா 10, 100, 110 எல்லாம் வந்து நிக்கறதும் இதே கதை தான். நம்ம பேக்கிங்ல ஊசி டிடெக்டர் இருக்குதுல்லங்க, துணிக்குள்ள ஒடஞ்ச ஊசி இருந்தா கத்தும், அதுல இரும்பு ஜிப்பு வெச்ச பீஸ உட்டாலும் கத்தும், அதுக்கு ஊசியும் தெரியாது ஜிப்பும் தெரியாது, இரும்பு தான் தெரியும். ரீஜெக்ஸும் அதே ஜாதி, நாம சொன்னது தான் அதுக்கு தெரியும், நாம நெனச்சது தெரியாது.

அப்பறம் .* பத்தி. இது ரெண்டு எழுத்துல இருக்கற பேராசைங்க. வரில எதையாச்சும் புடின்னு சொன்னா எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் வாய்ல போட்டுட்டு, பின்னாடி இருக்கறவனுக்கு வேணும்னா தான் ஒவ்வொன்னா கக்கும். பின்னாடி ஒரு கேள்விக்குறி சேத்து .*? ன்னு போட்டா எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவு தான் எடுக்கும். இந்த கக்கற வேலை சில சமயம் எல்லை மீறிப் போயிரும், 2019 ஜூலைல, ஏகப்பட்ட சைட்டுகளுக்கு முன்னாடி காவலுக்கு நிக்கற கிளவுட்ஃபிளேர் கம்பெனி 27 நிமிசம் படுத்துச்சே, உலகம் முச்சூடும் சைட்டுக தொறக்காம போச்சே, அது ஒரு ரீஜெக்ஸ்ல ரெண்டு மூணு .* பக்கத்து பக்கத்துல இருந்து சிபியு முச்சூடையும் தின்னதால தான். ரீஜெக்ஸ்101ல ஒவ்வொரு தேடலுக்கும் எத்தன ஸ்டெப் ஆச்சுன்னு காட்டும், டிபக்கர்னு ஒன்னு இருக்குது, அதுல ஒவ்வொரு அடியா முன்னாடி போயி பின்னாடி வர்றத பாக்கலாம். அதிகம் சிரிக்காத பையன் கூட அத பாத்து சிரிச்சுட்டான், எங்க செக்சன்ல தொலஞ்ச கட்டிங் டோக்கன தேடற மாதிரி அது போறதும் வர்றதும்.

இனி அடி வாங்குனத சொல்றேன், சைட்டு மேல தப்பு இல்லீங்க, எல்லாம் நாங்க கவனிக்காம உட்டது.

இடது பக்கம் ஃபிளேவர்னு, எந்த வகை ரீஜெக்ஸ்னு எடுக்கறதுக்கு ஒரு லிஸ்ட்டு இருக்கும், பிசிஆர்இ2, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ஜாவான்னு. நாங்க அத பாக்கவே இல்ல. அரிசிம்பருப்பு சாதம் கோயமுத்தூர்ல ஒரு மாதிரி ஈரோட்ல ஒரு மாதிரி இருக்கும்ல, பேரு ஒன்னு தான் தாளிப்பு வேற, ரீஜெக்ஸும் அப்படித்தான். பிசிஆர்இ2ல இருந்துட்டு குரூப்புக்கு, அதாவது பேட்டர்ன் புடிச்சுத் தர்ற துண்டுக்கு, பேரு வெச்சு எழுதுனோம், சைட்ல ஜம்முனு ஓடுச்சு, பைத்தான்ல ஒட்டுனா எரர். பைத்தான்ல குரூப்புக்கு பேரு வெக்கோணும்னா கேள்விக்குறிக்கு அப்பறம் பெரிய பி ஒன்னு வேணும், அந்த ஒத்த எழுத்துக்கு முக்கா மணி நேரம் போச்சு. மொதல்லயே ஃபிளேவர பைத்தானுக்கு மாத்தியிருந்தா சைட்டே சொல்லியிருக்கும்.

அடுத்தது ஃப்ளாக், தேடற விதத்த மாத்தற ஒத்தை எழுத்துக. சைட்ல ஜியும் எம்மும் டிக் ஆகியிருந்தது, எம் இருந்தா ^ குறி ஒவ்வொரு வரி ஆரம்பத்தையும் புடிக்கும், இல்லீன்னா ஃபைலோட மொத வரி ஆரம்பத்த மட்டும் தான். ஸ்கிரிப்ட்ல அத போடாம உட்டுட்டு, சைட்ல எல்லா இன்டர்ஃபேஸும் (கான்ஃபிக்ல போர்ட்டுக்கு பேரு அது தான்) வருது ஸ்கிரிப்ட்ல ஒன்னுமே வரலியேன்னு ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டோம். இன்னொன்னு, பைத்தான்ல மேட்ச்னு ஒரு ஃபங்ஷன் சர்ச்னு ஒரு ஃபங்ஷன். மேட்ச் வரியோட மொத எழுத்துல இருந்தே பொருந்தோணும்னு அடம் புடிக்கும், சிஸ்கோ கான்ஃபிக்ல இன்டர்ஃபேஸுக்கு கீழ வர்ற ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி ஒரு ஸ்பேஸ் இருக்கும், அப்ப டிஸ்கிரிப்ஷன்னு ஆரம்பிக்கற பேட்டர்ன மேட்ச்ல குடுத்தா ஒருநாளும் கெடைக்காது. துளியூண்டு ஸ்பேஸு, கண்ணுக்கே தெரியாது.

ரெண்டாம் நாள் மத்தியானம் தான் நெசமான பிரச்சனை வந்துச்சு, இந்த ரிவ்யூல நான் சொல்ல வந்ததே இது தான். சைட்டு கலர் கலரா காட்டறத பாத்து நமக்கு ஒரு வெறி வந்துருதுங்க, ஒரே ஒரு பேட்டர்ன்ல இன்டர்ஃபேஸ் பேரு, டிஸ்கிரிப்ஷன், வீலான், ஷட்டவுன் எல்லாத்தையும் ஒரே வீச்சுல அள்ளிரோணும்னு. நானும் பையனும் போட்டி போட்டு எழுதுனோம், பேட்டர்ன் ஸ்கிரீன் தாண்டி போயிருச்சு. ஒரு போர்ட்டுக்கு சரியா வந்தா அடுத்த போர்ட்டுல டிஸ்கிரிப்ஷன் இல்ல, அப்ப அதுக்கடுத்த போர்ட்டு டிஸ்கிரிப்ஷன தூக்கி இதுக்கு ஒட்டிருச்சு. பேக்கிங் செக்சன் பார்கோடு பிரிண்டர் முதலாளி ரூம் போர்ட்டுல இருக்கறதா லிஸ்ட்டு சொல்லுது. இந்த மாதிரி தப்பு தான் பயமுங்க, எரர் வந்தா தெரியும், இது எரரே வராம அழகா பொய் சொல்லும்.

ஏன்னு யோசிச்சா, கான்ஃபிக்ங்கறது வரி வரியா இருந்தாலும் வரிக இல்லீங்க, அது ரேசன் கார்டு மாதிரி. மேல குடும்பத் தலைவர் பேரு, கீழ ஆளுக. இன்டர்ஃபேஸ் வரி எடது ஓரத்த ஒட்டி இருக்கும், அதுக்கு சொந்தமானது எல்லாம் ஒரு ஸ்பேஸ் தள்ளி இருக்கும், முடிஞ்சா ஆச்சரியக்குறி போட்டு அடுத்த குடும்பம். இந்த ஆளு எந்த கார்டுல இருக்கான்னு ரீஜெக்ஸுக்கு ஞாபகம் இருக்காது, ஞாபகம் வெச்சுக்கறது ஸ்கிரிப்டோட வேலை. இது வெளங்குனதும் பையன் அந்த ராட்சச பேட்டர்ன முச்சூடும் அழிச்சுட்டு, ஒரு வரி ஒரு வரியா படிச்சு, எடது ஓரத்துல இன்டர்ஃபேஸ்னு வந்தா பேர குறிச்சு வெச்சுக்கோ, ஸ்பேஸ்ல ஆரம்பிச்சா அந்த பேருக்கு கீழ சேத்துக்கோ, எடது ஓரத்துல வேற ஏதாச்சும் வந்தா பேர மறந்துருன்னு எழுதுனான். பேட்டர்ன் எல்லாம் ஒவ்வொன்னும் அரை வரி கூட இல்ல. மொத்தமே முப்பது வரி ஸ்கிரிப்ட். டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள 43 ஃபைலும் முடிஞ்சு ஒரு எக்செல் தொறக்கற ஃபைல் உக்காந்திருக்குது.

ஆச்சரியக்குறிய வெச்சே வெட்டலாமேன்னு நானும் கேட்டேன், ஆக் (awk)ங்கற டெக்ஸ்ட் பிரிக்கற கமாண்ட்ல ரெக்கார்டு பிரிக்கற எழுத்தா அத வெச்சா ஒரு குடும்பம் ஒரு ரெக்கார்டா வரும், சுருக்கமான வழி தான். ஆனா நம்ம பழைய அட்மின் ஒருத்தர் டிஸ்கிரிப்ஷன்ல "தொடாதே!!!"ன்னு இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்காரு, அந்த குடும்பம் நாலா ஒடஞ்சு போச்சு.

லிஸ்ட்டு வந்ததும் நான் சந்தோசமா அனுப்பப் போனேன், பையன் தான் நிறுத்துனான், "ஏனுங்ணா நெறைய போர்ட்டுல வீலானே காணோமுங்ணா". பாத்தா அங்க சுவிட்ச்போர்ட் ஆக்சஸ் வீலான்ங்கற வரியே இல்ல. இதுக்கு காரணம் எனக்கு தெரிஞ்சிருக்கோணும், சொல்ல வெக்கமா இருக்குது. டிஃபால்ட்டா என்ன இருக்குதோ அத சிஸ்கோ ரன்னிங் கான்ஃபிக்ல எழுதாது. வரி இல்லீன்னா வீலான் இல்லீன்னு அர்த்தம் இல்ல, வீலான் 1ல கெடக்குதுன்னு அர்த்தம். ஷட்டவுன் வரி இருந்தா போர்ட்டு மூடுனது, இல்லீன்னா தொறந்தது, நோ ஷட்டவுன்னு அங்க எழுதியிருக்காது. எழுதாததையும் படிக்கோணும்னா கடைசில ஆல்னு சேத்து அந்த ஷோ ரன்னிங் கான்ஃபிக் கமாண்ட ஓடவிட்டா டிஃபால்ட்டும் சேந்து வரும், ஃபைல் பெருசாயிரும் அவ்வளவு தான். நாங்க ஸ்கிரிப்ட்லயே கெடைக்கலீன்னா 1ன்னு போட்டுட்டோம், ஆடிட்ல அது தான் பெரிய பேச்சாவும் போச்சு, இத்தன போர்ட்டு ஏன் வீலான் 1ல சும்மா தொறந்து கெடக்குதுன்னு.

ட்ரங்க் போர்ட்டுல, அதாவது பல வீலான ஒரே ஒயர்ல அடுத்த சுவிட்சுக்கு கொண்டு போற போர்ட்டுல, இன்னொரு வெசனம். அலவ்டு வீலான் லிஸ்ட்டு நீளமா போனா சிஸ்கோ அத ரெண்டு வரியாக்கி, ரெண்டாவது வரில ஆட்னு ஒரு வார்த்தை சேத்து மிச்சத்த எழுதும். எங்க ஸ்கிரிப்ட் ரெண்டாவது வரிய பாத்ததும் மொத வரிய தூக்கி எறிஞ்சுட்டு அத மட்டும் வெச்சுக்கிச்சு. பெருந்துறைக்கு போற லிங்க்ல பாதி வீலான் மாயமாயிருச்சு லிஸ்ட்டுல. கண்டுபுடிச்சது எப்படின்னா, பையன் ஸ்கிரிப்ட் கணக்க நம்பாம வரி தேடற கிரெப் கமாண்ட்ல தனியா எண்ணிப் பாத்தான், இன்டர்ஃபேஸ் வரி எத்தன, ட்ரங்க் வரி எத்தன, லிஸ்ட்டுல எத்தன, ரெண்டும் ஒத்துக்கலீன்னா எங்கயோ ஓட்டை. செக்கிங் அக்காக பண்டல் எண்றது மாதிரி தான், தைக்கறவங்களே எண்ணுனா செல்லாது. கிரெப்னு சொன்னதும் ஞாபகம் வருது, அந்த பேரே இடிங்கற பழைய எடிட்டர்ல தேடி அச்சடின்னு குடுக்கற கமாண்டோட எழுத்துகள ஒட்ட வெச்சது தான், கென் தாம்சன் 1973ல எழுதுனது, அம்பது வருசம் தாண்டியும் தேயாம உழைக்குது.

ஒரு முக்கியமான விசயம், இத எச்சா சொல்லோணும். கான்ஃபிக்க எந்த வெப்சைட்ல ஒட்டறதா இருந்தாலும் மொதல்ல பாஸ்வேர்டு வரிகள தூக்குங்க. ரீஜெக்ஸ்101ல சேவ் குடுத்தா ஒரு லிங்க் வரும், அந்த லிங்க் கைல இருக்கறவங்க யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், பேட்டர்ன மட்டும் இல்ல நீங்க ஒட்டுன டெக்ஸ்டையும். சிஸ்கோல 7ன்னு போட்டு கன்னாபின்னான்னு எழுத்து இருக்குமே அது பூட்டு இல்லீங்க, சும்மா துண்டு போட்டு மூடி வெச்சது, ஒரு நொடில அவுத்துரலாம். எஸ்என்எம்பி கம்யூனிட்டி பேரு, சுவிட்ச தூரத்துல இருந்து கண்காணிக்கறதுக்கு பாஸ்வேர்டு மாதிரி, அது கூட இல்லாம அம்மணமா இருக்கும். நாங்க நெசமான ஒரு ஃபைல எடுத்து, பாஸ்வேர்டு எல்லாம் அழிச்சு, ஐபி மாத்தி, ஒரு இருவது வரி மாதிரி ஃபைல் பண்ணி அத மட்டும் தான் சைட்ல ஒட்டுனோம், மிச்சம் 43 ஃபைலும் நம்ம மிஷின்லயே ஓடுச்சு. இருவது வரிக்கு மேல ஒட்டறதுக்கு தேவையும் வராது.

வேற சாமான் இல்லையான்னா இருக்குது. சுவிட்ச்குள்ளயே கமாண்டுக்கு பின்னாடி பைப் (|) போட்டு இன்க்ளூட், செக்ஷன்னு குடுத்தா அங்கயே வடிகட்டித் தரும், ஒன்னு ரெண்டு சுவிட்சுக்கு அதுவே போதும், செக்ஷன் குடும்பத்தோட சேத்துக் காட்டும். பைத்தான்ல சிஸ்கோகான்ஃப்பார்ஸ்னு ஒரு லைப்ரரி, நாங்க முப்பது வரில எழுதுனோமே அந்த அப்பன் புள்ள கணக்கு, அத முன்னாடியே எழுதி வெச்சது தான் அது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு நாள் மிச்சம், ஆனா ஏன்னு வெளங்கியிருக்காது. கூகுள் எழுதுன டெக்ஸ்ட்எஃப்எஸ்எம்னு இன்னொன்னு, எந்த வரி வந்தா எந்த நெலமைக்கு போகோணும்னு டெம்ப்ளேட்ல எழுதிக் குடுக்கோணும், ஷோ கமாண்ட் அவுட்புட்டுக்கு அது நல்லா பொருந்தும்.

ஆக ரீஜெக்ஸ்101க்கு நான் அஞ்சுக்கு நாலரை குடுப்பேனுங்க. அரை மார்க்கு ஏன் கொறைக்கறேன்னா கொறைன்னு இல்ல, அந்த ஒத்த கட்டத்துல எல்லாத்தையும் முடிச்சுரலாம்னு ஒரு ஆசைய காட்டி உட்டுருது, அதுல எங்களுக்கு ஒன்றரை நாள் போச்சு. கோட் ஜெனரேட்டர்னு ஒரு பட்டன் இருக்குது, சைட்ல ஓடுன பேட்டர்ன பைத்தான் கோடா எழுதித் தரும், ஃப்ளாக்கோட சேத்து, அத மொத நாளே அமுக்கியிருந்தா முன்னாடி சொன்ன பாதி அடி வாங்கியிருக்க மாட்டோம். ஃபோன்ல தொறக்காதீங்க, பெரிய ஸ்கிரீன்ல தொறங்க. காசு இல்லாத சாமானுக்கு இவ்வளவு குத்தம் சொல்றது ஓசில இளநி குடிச்சுட்டு வழுக்கை கம்மின்னு சொல்ற மாதிரி தான்.

சனிக்கெழம பொழுதோட சம்பளம் போட்டு மிஷின் எல்லாம் நின்னப்பறம் லிஸ்ட்ட அனுப்புனோம். திங்கக்கெழம மெயில் வருது, அஞ்சாவதா ஒரு காலம் வேணுமாம், போர்ட்டு செக்யூரிட்டி இருக்குதா இல்லையான்னு. கைல பண்ணியிருந்தா நான் லீவ் போட்டிருப்பேன். பையன் ரெண்டு வரி சேத்து ஓடவிட்டுட்டு சாப்பாட்டு பொட்டிய தொறந்துட்டான்.

அடுத்த மாசம் அவினாசி ரோட்டு யூனிட்டுக்கு ஜூனிப்பர்ங்கற வேற கம்பெனி சுவிட்ச் வருதுங்க, அதுல கான்ஃபிக் முச்சூடும் சுருள் அடைப்புக்குள்ள அடைப்பு அடைப்புக்குள்ள அடைப்பு, எங்க முப்பது வரி அங்க செல்லாது. டிஸ்பிளே செட்னு பைப் போட்டா ஒவ்வொரு வரிலயும் தாத்தன் பேர்ல இருந்து முழு வம்சமும் எழுதி வந்துரும், கிரெப்பே போதும்னு பையன் சொல்றான். இருவது வரி மாதிரி ஃபைல இப்பவே ரெடி பண்ணிட்டு இருக்கான், பாஸ்வேர்டு அழிச்சியான்னு நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன்.